இசைவுக் கடிதமும் தோட்ட முகவரியும்: மலேசியத் தமிழ் நூல்களை மின்னிலக்கமாக்குவதில் எழும் உரிமைச் சிக்கல் – லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தை முன்வைத்து

மலேசியத் தமிழ் நூல்களை மின்னிலக்க வடிவில் பேணவேண்டும் என்னும் கருத்து கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் கருத்தரங்குகளில் ஒலித்து வருகிறது. அப்பேச்சில் பெரிதும் இடம்பெறுவன கருவி, எழுத்துரு, சேமிப்பிடம், நிதி ஆகியனவே. ஒரு நூலைப் படியெடுத்துப் பிறர் பார்வைக்கு வைக்க யாரிடம் இசைவு பெறுவது, அவரை எங்கே தேடுவது, எந்த மொழியில் கேட்பது ஆகிய வினாக்கள் ‘உரிமையாளர்களின் அனுமதி பெறப்படும்’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன. இக்கட்டுரை அந்த ஒற்றை வரியை ஆராய முற்படுகிறது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் உள்ள லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கும் அதனை அடுத்த தேயிலைத் தோட்டங்களும் நம் களமாக அமைகின்றன. இசைவு பெறுதலை அலுவலக நடைமுறை என்ற அளவில் மட்டும் காண்பது போதாது. எந்நூல் இலக்கிய வரலாற்றில் எஞ்சும், எந்நூல் மறையும் என்பதை முடிவு செய்யும் சல்லடையாகவும் அது இயங்குகிறது என்பது நம் கருத்து.

உரிமைப் பக்கம் என்னும் பனுவல்

திறனாய்வாளர்கள் பொதுவாக நூலின் முதற்பக்கத்தையும் அணிந்துரையையும் வாசிப்பர். முதற்பக்கத்தின் பின்புறத்தை வாசிப்பதில்லை. அப்பக்கமும் ஒரு பனுவலே. பழைய தமிழக நூல்களில் 1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டப்படி பதிவு செய்யப்பட்டமை குறிக்கப்பட்டிருக்கும். மலேசியாவில் வெளிவந்த நூல்களிலோ ‘உரிமை ஆசிரியருக்கே’ என்ற குறிப்பு இருக்கும். அல்லது எதுவுமே இராது. குறிப்பு இல்லாத நூல் யாருக்கும் உரியதன்று என எண்ணும் போக்கு நம் ஆசிரியர்களிடையே கூட நிலவுகிறது. இது பிழையான எண்ணம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை தோன்றுவதற்குப் பதிவோ அறிவிப்போ தேவையில்லை. 2012இல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பு முறையும் ஆசிரியர் விரும்பினால் செய்துகொள்வதேயாகும்.

அப்பக்கத்தில் நம் கவனத்துக்குரிய மற்றொன்று முகவரி. நம் நாட்டுத் தமிழ் நூல்களுட் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியரே வெளியீட்டாளர். அச்சகம் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஈப்போவிலோ சென்னையிலோ இருந்திருக்கும்; ‘கிடைக்குமிடம்’ என்பதன்கீழ் அவர்தம் வீட்டு முகவரி அச்சாகியிருக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ கிராணியாகவோ பணியாற்றியவராயின் அது தோட்ட முகவரியே. உரிமையாளரைத் தேடுவோர்க்குப் பெரும்பாலும் அவ்வொரு முகவரியே கைவிளக்கு.

ரப்பர்த் தோட்டங்களைப் பொறுத்தவரை அவ்விளக்கு அணைந்து நெடுநாளாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின, லயங்கள் இடிக்கப்பட்டன. கேமரன் மலையின் நிலை இதனின்றும் சற்றே வேறுபட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்கள் இன்றும் தேயிலைத் தோட்டங்களாகவே உள்ளன. பாரத் நிறுவனத்தின் தோட்டங்களும் அவ்வாறே. ஆகவே நூலில் அச்சான தோட்டத்தின் பெயர் இன்றும் வழிகாட்டிப் பலகையில் உண்டு. ஆனால் அங்குக் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் இறங்கிவிட்டது. எஞ்சியோருட் சிலர் ரிங்லெட், லெம்பா பெர்த்தாம் பகுதிகளில் காய்கறித் தோட்டங்களையும் சிறு வணிகத்தையும் சார்ந்து வாழ்கின்றனர். முகவரி நிற்கிறது, முகவரிக்குரியவர் இல்லை. ரப்பர்த் தோட்டத்து நூல்களைவிட இங்கு ஒரு வசதி உண்டு. அத்தோட்டத்தில் எஞ்சியிருக்கும் ஒருவரிடமேனும் ‘இன்னாருடைய பிள்ளைகள் எங்கே?’ என்று கேட்கலாம். இன்னும் சில ஆண்டுகளில் அதுவும் இயலாது.

சட்டம் தரும் இடம்

நம் சட்டப்படி இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் ஐம்பது ஆண்டுகளும் நிலைக்கும். நூலின் வயது இக்கணக்கில் சேராது. மலேசியாவின் முதல் தமிழ் நாவல் எனப் பரவலாகக் கருதப்படும் க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரம் அல்லது காதலின் மாட்சி’ 1917இல் வெளிவந்தது. நூறாண்டு கடந்த நூலாயினும் ‘எந்த ஆண்டில் வெளிவந்தது?’ எனச் சட்டம் கேட்பதில்லை. ‘ஆசிரியர் எந்த ஆண்டில் மறைந்தார்?’ என்றே கேட்கிறது. இவ்வினா நம் இலக்கிய வரலாற்றெழுத்தின் ஒரு குறையை வெளிக்காட்டுகிறது. எழுத்தாளர் விவரத் தொகுப்புகளில் பிறந்த ஊர், கல்வி, பெற்ற பரிசு, வெளியிட்ட நூல் ஆகிய அனைத்தும் இருக்கும். மறைந்த நாள் பெரும்பாலும் இராது. நூல் வெளிவந்தபோது ஆசிரியர் உயிரோடிருந்தார். அவ்விவரத்தோடு தொகுப்பாளரின் பணி நின்றுவிடுகிறது. நாம் ஆய்வேடுகளை மேற்பார்வை செய்யும்போது இவ்வொரு விவரத்தை மாணவரிடம் கட்டாயமாகக் கேட்பது நன்று.

அதற்கான சான்று எங்கே கிடைக்கும்? நாளிதழ்களின் நினைவஞ்சலி விளம்பரங்களில் கிடைக்கும். மறைந்தவரின் பெயர், மறைந்த நாள், மனைவி மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் பெயர், ஊர் ஆகிய அனைத்தையும் ஒரே கட்டத்துள் தரும் ஆவணம் அதனினும் வேறில்லை. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்களை நாம் கதைக்காகவும் கவிதைக்காகவும் புரட்டுகிறோம்; உரிமையாளரைத் தேடுவோர் அவ்விளம்பரப் பக்கங்களைப் புரட்டவேண்டும்.

புனைபெயரில் வெளிவந்த படைப்புகளுக்குக் கணக்கு வேறு. ஆசிரியர் இன்னார் எனத் தெரியாதவரை, வெளிவந்ததிலிருந்து ஐம்பது ஆண்டுகளே உரிமை. அடையாளம் வெளிப்பட்டுவிட்டால் வாழ்நாளும் ஐம்பது ஆண்டுகளும் என்ற பொதுக்கணக்குத் திரும்பிவிடும். 1950களின் இதழ்களில் புனைபெயர்கள் மலிந்திருந்தன. ஒரு புனைபெயருக்குரியவர் யாரென நிறுவும் ஆய்வாளர், தாம் அறியாமலே அப்படைப்பின் உரிமைக் காலத்தை நீட்டித்துவிடவும் கூடும். இதற்காக ஆய்வை நிறுத்துவது முறையாகாது. ஆயினும் அடையாளத்தை நிறுவியவர் குடும்பத்தாரின் தொடர்பையும் சேர்த்துப் பதிவு செய்தால், அவ்வாய்வே இசைவு பெறும் வழியையும் திறந்துவிடும்.

சட்டத்தின் 13ஆம் பிரிவு நூலகங்களுக்கு ஓர் இடம் தருகிறது. தேசிய நூலகம், மாநில நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அமைச்சர் ஆணையால் குறிப்பிடும் பொது நூலகங்கள், கல்வி நிலையங்கள் ஆகியவை பொதுநலன் கருதி, நியாயமான நடைமுறைக்கு ஒத்து, ஊதியம் கருதாது ஒரு படைப்பைப் பயன்படுத்தலாம். இவ்விடம் எத்துணை அகலமானது என்பதில் கருத்து வேறுபாடு எழலாம். மட்கிக்கொண்டிருக்கும் நூலைக் காக்கப் படியெடுப்பது இதனுள் அடங்கும் என்று வாதிடுவது எளிது. அப்படியை உலகோர் அனைவரும் தரவிறக்கம் செய்துகொள்ளும்படி இணையத்தில் திறந்துவைப்பதும் அடங்கும் என்று வாதிடுவது எளிதன்று. ஆகவே படியெடுத்தல் வேறு, திறந்துவைத்தல் வேறு எனப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. நம் நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் இரண்டும் நடவாமற் போகின்றன. இசைவு கிடைக்கவில்லை என்ற காரணத்தால் நூல் மின்வருடியை அடைவதேயில்லை. இசைவு கிடைக்கும் நாளில் தாள் உதிர்ந்திருக்கும்.

இக்கூற்று மிகையன்று என்பதை லெம்பா பெர்த்தாம் மக்கள் அறிவர். 2013 அக்டோபர் 23 விடியற்காலையில், கனமழையை அடுத்து ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுசென்றன. அவ்விழப்பின் முன் நூலைப்பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் வீட்டின் தகரப்பெட்டியில் இருந்த கோயில் மலரும் பள்ளி ஆண்டிதழும் கையெழுத்துப் படிகளும் அவ்வீட்டோடே போகும் என்பதும் உண்மையே. ஒரே ஒரு படி எஞ்சியுள்ள நூலுக்கு அத்தகரப்பெட்டியே நூலகம்.

வாய்ச்சொல்லும் கையெழுத்தும்

சட்டத்தின் 27ஆம் பிரிவு நம் மரபோடு நேரடியாக மோதுகிறது. எழுத்து வடிவில் இல்லாத உரிமை மாற்றமும் இசைவும் செல்லா. நம் தோட்டக் குடும்பங்களிலோ சொல்லே இசைவு. நூலைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அதன்மேல் ஒரு தாளை நீட்டுவது நம்பிக்கையின்மையாகவே படும்.

அவ்வட்டாரத்தில் மறைந்த தோட்டப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகளை நாம் சந்தித்தோம். மாரியம்மன் திருவிழாவுக்காகத் தந்தையார் இயற்றி, தம் செலவில் ஈப்போவில் அச்சிட்ட பாடற் சிற்றேடு அவரிடம் இருந்தது. முப்பது பக்கத்துக்கு உட்பட்ட அவ்வேட்டில் தேயிலைத் தோட்டத்துத் தொழில்முறைகள், மலைப்பாதை, மூடுபனி ஆகியன அம்மன் வழிபாட்டினூடே வருகின்றன. ‘கொண்டுபோங்க டீச்சர், இதுக்குப் போயி என்ன கையெழுத்து?’ என்றார். நாம் கொண்டுசென்ற பாரமோ ஒரு நிறுவனம் பயன்படுத்திவந்த ஆங்கிலப் பாரம், இரண்டு பக்கம். திரும்பப் பெறவியலாத உரிமை, இழப்பீட்டுப் பொறுப்பு ஆகிய தொடர்களெல்லாம் அதில் இருந்தன. அதன் பொருளைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிற்று. இறுதியில் அவர் கேட்டது இது: ‘இதுல கையெழுத்துப் போட்டா அப்பாவோட பாட்டை நாங்க கோயில்ல பாடக்கூடாதா?’

இவ்வினாவை அறியாமை என ஒதுக்குதல் தகாது. பாரத்தை வகுத்தவர் ஒருபோதும் எண்ணிப் பாராத ஒன்றை அவர் எண்ணினார். படைப்பு அவர்களிடம் பயன்பாட்டில் உள்ளது. பாரமோ அது பயன்பாடற்ற பழம்பொருள் என்ற கருத்தில் எழுதப்பட்டது. சட்டம் எழுத்து வடிவைக் கேட்கிறதேயன்றி ஆங்கிலத்தைக் கேட்கவில்லை. உரிமை உங்களிடமே இருக்கும், நூலகம் படியெடுத்து வைத்துக்கொள்ளவும் பிறருக்குக் காட்டவும் மட்டுமே இசைவு தருகிறீர்கள், நீங்கள் பாடலாம், மீண்டும் அச்சிடலாம், விற்கலாம், பின்னர் வேண்டாமென்று தோன்றினால் எழுதித் தெரிவிக்கலாம் என நான்கு வாக்கியங்களில் எளிய தமிழில் எழுதிவிடக் கூடியதே அது. சட்டத்துறை நண்பர் ஒருவரின் துணையோடு தமிழாசிரியர் ஒருவர் அரைநாளில் முடிக்கும் பணி. இத்தனை ஆண்டுகள் பேசியும் அத்தகைய ஒரு பாரம் நம்மிடையே பரவலாகப் புழங்காதது வியப்பே.

மகள் உடனே ஒப்பமிடவில்லை. ‘அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே’ என்றார். சட்டத்தின் கண்ணில் இது தேவையில்லாத தயக்கம். இணை உரிமையாளருள் ஒருவர் தரும் இசைவு மற்றவரும் தந்ததாகவே கொள்ளப்படும் என்று அதே 27ஆம் பிரிவு கூறுகிறது. நூலகத்தார்க்கு இது பெரும் வசதி. ஆயினும் தங்கையின் கையெழுத்தை வைத்துக்கொண்டு அண்ணனைத் தாண்டிச் செல்வது அக்குடும்பத்துள் நாம் ஏற்படுத்தும் பிளவாகும். கோலாலம்பூரில் உள்ள அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தோம். முன்னர் ஒருவர் அச்சிற்றேட்டை வாங்கிச் சென்று, ஆசிரியர் பெயரின்றித் தம் பாடற்றொகுப்பில் சேர்த்துக்கொண்டாராம். ‘எடுத்து வெச்சிக்குங்க, கெடாம இருக்கட்டும்; ஆனா எல்லாரும் பாக்குற மாதிரி இப்பப் போடாதீங்க’ என்பது அவர் விடை. பணத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இவ்விடையை மறுப்பாகக் கருதிப் பட்டியலிலிருந்து நீக்குவது வழக்கம். நாம் அதனை இசைவாகவே கருதுகிறோம். படியெடுத்தலுக்கு இசைவு உண்டு. திறந்துவைத்தலுக்கு மட்டும் இல்லை. அதற்கான காரணமும் தெளிவானது. சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் அறநெறி உரிமை, அதாவது ஆசிரியர் என அறியப்படும் உரிமையும் படைப்பு சிதைக்கப்படாதிருக்கும் உரிமையும், அவர் மொழியில் ‘அப்பா பேரு’ என்றாகிறது. மின்னிலக்கத் தொகுப்புகளில் அட்டையை விடுத்து, அணிந்துரையை விடுத்து, பாடலை மட்டும் வெட்டிப் போடும் பழக்கம் உள்ளவரை அவ்வச்சம் நியாயமானதே. (அவ்வேட்டின் பாடல்கள் சில திரைப்பாடல் மெட்டுகளில் அமைந்தவை, மெட்டுக்குரிய பாடலின் பெயரும் தலைப்பில் உள்ளது. மெட்டின் உரிமை பற்றி எவரும் கேட்கவில்லை. அச்சேட்டில் சொற்கள் மட்டுமே உள்ளமையால் நாமும் அதனுட் புகவில்லை.)

பிற இடத்து முயற்சிகள்

தமிழகத்தின் வழி நாட்டுடைமையாக்கம். பாரதியின் ஆக்கங்களுக்குரிய உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. அவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை அளித்து நாட்டுடைமையாக்கியது. அவற்றுட் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. இம்முறையின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் எவர் நூல் ஏற்கப்படும் என்பதை அரசு முடிவு செய்கிறது. புகழ்பெற்றவரே பெரிதும் இடம்பெறுவர். 2009இல் குடும்பத்தாரை முன்கூட்டிக் கேளாமல் சில பெயர்கள் அறிவிக்கப்பட்டபோது ஏற்க மறுத்தவர்களும் உண்டு. இம்முறை மலேசியாவில் நிகழ்வதற்கில்லை. நிகழ்ந்தாலும் திருவிழாச் சிற்றேடு எழுதிய தோட்டப்பள்ளி ஆசிரியர் அப்பட்டியலில் ஏறமாட்டார். இதற்கிடையே நம் மாணவருக்குத் தமிழகத்து நூல் ஒரு நொடியில் திரையில் கிடைக்கிறது. தம் நாட்டு நூல் கிடைப்பதில்லை. இடுபணிகளில் மலேசிய எழுத்தாளர்கள் அருகி வருவதற்கு மாணவரின் ஆர்வக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்லி வருகிறோம்.

சிங்கப்பூரில் அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் நமக்கு அண்மையிலுள்ள பாடம். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்பிலக்கியத்தில் ஏறத்தாழ 350 நூல்கள் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு மின்னிலக்கமாக்கப்பட்டு 2015இல் வெளியிடப்பட்டன. தன்னார்வலர்கள் எழுத்தாளர்களையும் குடும்பத்தாரையும் தேடிச் சென்று இசைவு பெற்றமையே அதன் முதுகெலும்பு என்பது நம் மதிப்பீடு. ஆனால் ஒரு நகரத்துள் தேடுவது வேறு. சுங்கை சிப்புட்டிலும் பாரிட் புந்தாரிலும் கேமரன் மலையிலும் சிதறிக் கிடப்பவரைத் தேடுவது வேறு. அம்முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவது இயலாது. வட்டாரந்தோறும் ஒரு தமிழாசிரியர் தேடினாலன்றி அது நடைபெறாது.

இலங்கையில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், யாழ் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்ட நினைவின் நிழலில் வளர்ந்தது. அழிவு எவ்வளவு விரைவில் நேரும் என்பதை அறிந்த சமூகம் முதலிற் காப்பதற்கே முதன்மை தந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வெளியீடுகளும் அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. சங்கக் கட்டுரை, கோயில் மலர், பாடசாலை மலர் என நாம் ‘இலக்கியமல்ல’ என ஒதுக்குவனவற்றையும் அது சேர்த்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட எழுத்துகளை ஒப்பிட்டு ஆராய விரும்பும் மாணவர், நுவரெலியாவின் சான்றுகளை எளிதிற் பெற்று, தம் நாட்டின் சான்றுகளைப் பெறாது திகைக்கும் நிலையை என்னென்பது!

எல்லை கடந்த நூல்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. 1980இல் மறைந்த ஓர் எழுத்தாளரின் உரிமை மலேசியாவில் 2030 முடியவும், இந்தியாவில் 2040 முடியவும், ஆசிரியர் மறைவுக்குப்பின் எழுபது ஆண்டு என்ற கணக்குள்ள சிங்கப்பூரிலும் இலங்கையிலும் 2050 முடியவும் நீளும். சென்னையில் அச்சிட்ட மலேசிய நூலாயினும் இங்குப் படியெடுப்பதற்கு இங்குள்ள சட்டமே அளவுகோல். ஆனால் இணையத்துக்கு எல்லை இல்லை.

மேலை நாடுகளின் வழக்குகளைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. கூகிளின் நூல் வருடல் திட்டத்தை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் நியாயமான பயன்பாடு என ஏற்றது. அங்குத் தேடலும் சிறு பகுதியும் மட்டுமே காட்டப்பட்டன. முழு நூலையும் இரவல் தந்த இணைய ஆவணக் காப்பகத்தின் வாதத்தை அதே நீதிமன்றம் 2024இல் ஏற்கவில்லை. படியெடுத்தலும் திறந்துவைத்தலும் வெவ்வேறு என நாம் மேலே கூறியதை இவ்விரு தீர்ப்புகளையும் இணைத்து நோக்கினால் உணரலாம். ஐரோப்பிய ஒன்றியமோ உரிமையாளரைக் கண்டறிய இயலாத படைப்புகளுக்கென 2012இல் ஒரு நெறியாணை வகுத்தது. உண்மையாகத் தேடியமைக்குச் சான்று காட்டினால் நூலகங்கள் அவற்றைப் பயன்படுத்தலாம். தேடியமைக்குச் சான்று என்னும் கருத்து நமக்கும் பயனுடையது. சட்டம் மாறும்வரை காத்திராமல், எங்கே தேடினோம், யாரைக் கேட்டோம், எந்த இதழில் அறிவித்தோம் எனக் குறித்து வைக்கும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம்.

சல்லடையின் கண்கள்

இனி நம் முதற்கருத்துக்கு வருவோம். இசைவு எளிதிற் கிடைப்பது யாரிடமிருந்து? உயிரோடிருப்பவர், சங்கத் தொடர்புடையவர், நகரத்தில் வாழ்பவர், மின்னஞ்சலுக்கு மறுமொழி தருபவர் ஆகியோரிடமிருந்து. அவர்தம் நூல்கள் முதலில் மின்னிலக்கமாகும். மின்னிலக்கமானவை மேற்கோளாகும், மேற்கோளானவை பாடத்திட்டத்தில் ஏறும். மறைந்த தோட்டப்பள்ளி ஆசிரியரின் நூல் இவ்வரிசையின் முதற்படியிலேயே நின்றுவிடும். அதன் தரத்தைப் பற்றிய எத்தீர்ப்பும் இன்றியே அது விடுபடும். இதனையே நாம் சல்லடை என்றோம். இலக்கியத் தரம் கருதி ஒரு நூலை ஒதுக்குவது திறனாய்வு. தொலைபேசி எண் கிடைக்காமையால் ஒதுக்குவது திறனாய்வாகாது.

மலேசியத் தமிழ்ப் புனைவில் ரப்பர்த் தோட்டமே பெருவெளி. நாம் கற்பிப்பதும் பால்மரத்தின் கதைகளையே. தேயிலையின் குரல் மெல்லியது; எண்ணிக்கையிலும் சிறியது. அச்சிறு தொகுதியில் ஐந்தாறு நூல்கள் விடுபட்டாலும் ஒரு வட்டாரமே இலக்கிய வரலாற்றிலிருந்து விடுபடும். இராம. சுப்பையா 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வாயிலாக வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ பட்டியல் அதுவரை வந்த நூல்களின் இருப்பைப் பதிவு செய்தது. அப்பட்டியலைக் கையில் தந்து நூல்களைத் தேடிவரச் சொன்னால் மாணவர் பெரும்பாலும் சோர்ந்தே திரும்புகின்றனர். தலைப்பு எஞ்சி நூல் மறைந்தபின் இலக்கிய வரலாறு பட்டியலாகச் சுருங்குகிறது.

மறுபுறத்தையும் கூறவேண்டும். ‘தமிழுக்குச் செய்யும் தொண்டு’ என்று கூறி, கேளாமலே நூல்களை வருடி இணையத்தில் இடுவோர் பெருகியுள்ளனர். நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் நம் எழுத்தாளரின் பொருளியலை அவர்கள் அறிதல் நலம். முந்நூறு ஐந்நூறு படிகளைத் தம் சேமிப்பில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் ‘முதல் நூல்’ பெறுவோரின் அன்பளிப்பாலும் அன்றைய விற்பனையாலும் செலவை ஈடுகட்டுவதே இங்குள்ள நடைமுறை. விழாவுக்குப்பின் விற்பனை மிக அரிது. இதனால் பத்தாண்டு கடந்த நூலைத் திறந்துவைப்பது ஆசிரியருக்குப் பொருளிழப்பு ஆகாது என்பது உண்மை. அதனாலேயே கேட்டால் பெரும்பாலோர் இசைவர் என்பதும் உண்மை. கேளாமல் எடுப்பதற்கு அது காரணமாகாது. கேட்டால் கிடைப்பதைக் கேளாமல் எடுக்கும்போது, லெம்பா பெர்த்தாமில் நாம் கண்ட அண்ணனைப்போல் மற்றொருவர் கதவை அடைத்துக்கொள்கிறார்.

தொகுப்பு நூல்கள் தனிச் சிக்கல். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் ‘பேரவைக் கதைகள்’ போன்ற போட்டித் தொகுப்புகளில் ஒவ்வொரு கதைக்கும் ஓர் ஆசிரியர். பொதுவாகப் போட்டி விதிகளில் ‘வெளியிடும் உரிமை ஏற்பாட்டாளருக்கு’ என்ற வரி இருப்பதுண்டு. அது நூலாக அச்சிடுவதற்கான இசைவு என்று கொண்டாலும், மின்னிலக்க வெளியீட்டை அன்று எவரும் கருதியிருக்க இயலாது. இனி நடத்தும் போட்டிகளின் விதிகளில் இதனைத் தெளிவாக எழுதுவது எளிது. கடந்தவற்றுக்குத் தொகுப்புதோறும் அமர்ந்து கடிதம் எழுதுவதன்றி வேறு வழியில்லை.

இறுதியாக, நம் இதழை வாசிக்கும் பள்ளி ஆசிரியர்கள் கவனத்துக்கு ஒன்று. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்பவேண்டியது வெளியீட்டாளர் கடமை. தாமே வெளியிடும் ஆசிரியரும் இதில் அடங்குவர். நம் சிற்றேடுகள் பல இக்கடமையை அறியாமலே வெளிவந்தன. பள்ளி ஆண்டிதழ், கோயில் மலர், ஓய்வுபெற்ற ஆசிரியர் விட்டுச்சென்ற சிற்றேடு ஆகியவை பண்டக அறையில் கிடக்கின்றன. ஆண்டிறுதித் துப்புரவின்போது பழைய தாளாக எடைக்குப் போகின்றன. அவற்றை எடைக்கு அனுப்புமுன் அட்டை, உரிமைப் பக்கம், அணிந்துரையின் இறுதிப் பக்கம் ஆகிய மூன்றையாவது கைத்தொலைபேசியில் படமெடுத்து, ஆசிரியரின் பிள்ளைகளுள் ஒருவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பென்சிலால் அட்டையின் உட்புறத்தில் எழுதி வைக்க வேண்டுகிறோம். ரிங்லெட், தானா ராத்தா, லெம்பா பெர்த்தாம் பகுதிப் பள்ளிகளிலிருந்து அவ்வாறு கிடைக்கும் குறிப்புகளைக் கொண்டு அவ்வட்டாரத்துக்கு ஒரு பட்டியல் தொகுக்கத் தொடங்கியுள்ளோம்.